கேசட்டின் மிச்சத்தில் அக்கா சொன்னது

என் அக்காவுக்குப் பார்வை போனபோது அவள் ஒரு கதையின் ஆறாம் பாகத்தில் பாதிவரை வந்திருந்தாள். எட்டுப் பாகங்கள் கொண்ட மாயாஜாலக் கதை அது. பனிமலைக்கு அப்பால் ஒரு நாடு, நாட்டை இழந்த இளவரசி, பேசும் கழுகு, தன் நிழலை விற்று மந்திரம் கற்றுக்கொண்ட ஒருவன் என்று போய்க்கொண்டே இருக்கும். தொண்ணூறுகளின் நடுவில், திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த வாடகை நூலகத்தில் அதன் எல்லாப் பாகங்களும் பைண்டு செய்யப்பட்டு வரிசையாக நிற்கும். அக்கா கல்யாணமாகி மணவூருக்குப் போன பிறகும் எங்கள் வீட்டுக்கு வந்தால், திரும்பும்போது ஒரு பாகத்தைக் கையில் எடுத்துக்கொண்டுதான் ரயிலேறுவாள்.

கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு கெட்டுவிட்டது என்றார்கள் மெட்ராஸ் ஆஸ்பத்திரியில். இன்னும் முன்னாலேயே வந்திருக்க வேண்டுமாம். அவள் அப்போதுதான் முப்பதைத் தாண்டியிருந்தாள். எங்கள் அப்பா, நாங்கள் நைனா என்று கூப்பிடுபவர், முருகன் மலைக்குப் போய் வெள்ளிக் கண்மலர் சாத்துவதாக வேண்டிக்கொண்டார். உறவுக்காரர்கள் ஒவ்வொருவராக மணவூருக்குப் போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டு வந்தார்கள். நானும் அழுவதற்குத்தான் போனேன்.

அக்கா என்னை அழவிடவில்லை. "இளவரசி ஆத்துல குதிச்சிட்டா. அதோட நிக்குது. அப்புறம் இன்னா ஆச்சு, அத மட்டும் சொல்லு" என்றாள்.

எனக்கு அந்த மாதிரிக் கதைகள் பிடிக்காது. கழுகு எதற்குப் பேச வேண்டும்? ஆனாலும் நூலகத்தில் ஆறாம் பாகத்தை எடுத்துப் படித்து, அடுத்த முறை போனபோது நடந்ததைச் சொன்னேன். இளவரசியை மீனவர்கள் காப்பாற்றுகிறார்கள், அவர்களில் ஒருவன் ஒற்றன், அவள் தப்பித்துக் காட்டுக்குப் போகிறாள்.

"அவ்ளோதானா? முந்நூறு பக்கத்த மூணு வார்த்தைல முடிச்சிட்டியேடி. பரீட்சைக்கா படிச்சிகினு வந்த?" என்றாள் அக்கா.

வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த பாவா சிரித்துவிட்டார். அக்காவின் கணவரான அவர் அதிகம் பேசாத மனிதர். அரக்கோணம் ஸ்டேஷனில் பார்சல் ஆபீசில் வேலை. அவர்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு டேப் ரிக்கார்டர் இருந்தது. அந்த வாரமே இன்னொன்றும் காலி கேசட்டுகளும் வாங்கி என்னிடம் கொடுத்தார். "நீ படி. நான் கொண்டு போய்க் குடுக்கறேன்" என்றார். நான் அப்போது அரக்கோணத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். காலையில் திருத்தணியிலிருந்து ரயிலில் வந்து இறங்கினால் பார்சல் ஆபீசைத் தாண்டித்தான் வெளியே போக வேண்டும். கேசட் கை மாறுவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

படிப்பது நான் நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. சிவப்புப் பட்டனையும் பக்கத்துப் பட்டனையும் சேர்த்து அழுத்திவிட்டுத் தொண்டையைச் சரிசெய்துகொண்டால், அந்தச் செருமலும் பதிவாகிவிடும். குக்கர் விசில் அடிக்கும். கிருத்திகை என்றால் மலையிலிருந்து ஒலிபெருக்கிப் பாட்டு வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நைனா மட்டும், நான் புத்தகத்தைக் கையில் எடுப்பதைப் பார்த்தால், கிணற்று மோட்டாரைப் போடாமல் வரப்பில் உட்கார்ந்து காத்திருப்பார். கரண்ட் போய்விட்டால் அன்றைக்கு நெல்லுக்குத் தண்ணீர் இல்லை. அதைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

முதல் கேசட் திரும்பி வந்தபோது அதை அழித்துவிட்டு மறுபடியும் பயன்படுத்தலாம் என்று போட்டேன். பி பக்கத்தில் நான் படித்து முடித்த பிறகு கொஞ்சம் டேப் மிச்சம் இருந்தது. அதில் திடீரென்று அக்காவின் குரல் வந்தது.

"ஏய், நல்லா கேளு. இளவரசிய நல்லா படிக்கிற. ஒற்றனும் பரவாயில்ல. ஆனா கழுகு பேசறப்போ தந்தி வந்த மாதிரி படிக்கிற. அது ஆயிரம் வருசம் வாழ்ந்த பறவடி. அதுக்கு அவசரமே கெடையாது. அப்புறம் பின்னால இன்னா குக்கரு? சாம்பாரா? எனக்குப் பசி வந்துடுச்சி."

நான் தனியாகச் சிரித்தேன். கண் போன பிறகு அவள் பழைய அக்காவாக, வாய் நிறைய என்னை அதட்டியது அதுதான் முதல் தடவை. அடுத்த கேசட்டில் கழுகை நிதானமாகப் பேசவைத்தேன்.

சில வாரங்களில் டேப்பின் மிச்சத்தில் வேறு குரல்களும் வர ஆரம்பித்தன. அக்கா வீட்டுக்கு எதிரில் ஒரு பெரியவர் இருந்தார். ரயில்வே கேட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பக்கத்து வீட்டுக்கு நகரி பக்கத்திலிருந்து ஒரு தெலுங்குப் பெண் மருமகளாக வந்திருந்தாள். மத்தியானம் வேலை முடிந்ததும் இருவரும் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவார்களாம். முந்தைய பாகங்களின் கதையை அக்கா அவர்களுக்குச் சொல்லிவிட்டிருந்தாள். டேப் ரிக்கார்டரை நடுவில் வைத்துக்கொண்டு மூன்று பேரும் கேட்பார்களாம்.

பெரியவருக்கு இளவரசி மேல் கோபம். "எதுக்கெடுத்தாலும் ஓடறா. ஒரு எடத்துல நின்னாத்தானே நாடு கெடைக்கும்?" அவருக்குப் பிடித்தவள், கதையில் வரும் கண்ணிழந்த படைத்தலைவி. மூன்றாம் பாகத்தில் மந்திரவாதி அவளுடைய பார்வையைப் பறித்துவிடுகிறான். அதன் பிறகு அவள் தரையில் காது வைத்து, எதிரிப் படை எவ்வளவு தூரத்தில் வருகிறது என்று சொல்லிவிடுவாள். "அது கரெக்டு பாப்பா. கேட்ல இருந்தப்போ எனக்கும் மண்ணு சொல்லும், வண்டி வருதுன்னு. எழுதனவன் வெவரமானவன்" என்றார் பெரியவர்.

தெலுங்குப் பெண்ணுக்கு நான் வேகமாகப் படிக்கிறேன் என்று குறை. "அக்கா, யுத்தம் வந்தா பரவால்ல, ஸ்பீடா சதவண்டி, படிங்க. காதல் வந்தா மெல்ல. எனக்குத் தமிழ் மெதுவாத்தான் புரியும்" என்று வெட்கத்தோடு சொல்லியிருந்தாள். பின்னால் அக்கா சிரிப்பது கேட்டது.

இப்படி ஆறாம் பாகம் முடிந்து ஏழாம் பாகமும் பாதி போயிற்று. எனக்கே கதை பிடித்துவிட்டிருந்தது. ரயிலில் உட்கார்ந்து முன்கூட்டியே படிக்கத் தொடங்கியிருந்தேன். அப்படிப் படித்துக்கொண்டு போனபோதுதான் அந்த அத்தியாயம் வந்தது. படைத்தலைவி காட்டுக்குள் ஒரு சுனையில் முகம் கழுவுகிறாள். நிமிரும்போது அவளுக்குப் பார்வை திரும்பிவிடுகிறது.

புத்தகத்தை மூடிவிட்டேன். அக்கா இத்தனை மாதங்களில் எல்லோரைப் பற்றியும் கருத்துச் சொல்லியிருந்தாள், அந்தப் படைத்தலைவியைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அது எனக்கு அப்போதுதான் உறைத்தது. இதை நான் எந்தக் குரலில் படித்து அனுப்புவேன்? மத்தியானம் அவள் அதைக் கேட்கும்போது என்ன செய்வாள்?

அன்றைக்குக் கேசட் இல்லாமல் பார்சல் ஆபீசுக்குப் போய் பாவாவிடம் புத்தகத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மூட்டைகளுக்கு நடுவில் நின்றபடியே அந்தப் பக்கங்களைப் படித்தார். படித்து முடித்த பிறகும் புத்தகத்தை மூடவில்லை.

"விட்டுட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிடட்டுமா பாவா?"

"வேணாம்மா. அவளுக்குத் தெரியாம வீட்ல நாங்க நெறைய பண்றோம். உப்பு டப்பாவ நகர்த்தி வெக்கிறோம், கீழ விழுந்தத எடுத்து வெக்கிறோம். கதைலயாவது ஒண்ணும் நகர்த்த வேணாம்" என்றார். பிறகு, "ஆனா டேப்புல அனுப்பாத. நீயே வந்து படி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மணவூருக்குப் போனேன். எனக்காகவே காத்திருந்ததுபோல் எதிர் வீட்டுப் பெரியவரும் தெலுங்குப் பெண்ணும் வந்துவிட்டார்கள். பெரியவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீயா பாப்பா? கொரலக் கேட்டு, டீச்சரு மாதிரி கனமா ஒரு பொம்பளன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார். அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். தெலுங்குப் பெண் நிறைமாதமாக இருந்தாள். சுவரில் சாய்ந்து காலை நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பாவா வாசல்படியில் எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார்.

படித்தேன். முகத்துக்கு எதிரில் ஆட்கள் இருக்கும்போது வாசிப்பது வேறு மாதிரி இருந்தது. சுனை வந்தது. படைத்தலைவி இரண்டு கைகளாலும் நீரை அள்ளினாள். நிமிர்ந்தபோது முதலில் தெரிந்தது அவளுடைய கைகள். அவள் நினைத்திருந்ததைவிட அவை வயதான கைகளாக இருந்தன என்று எழுதியிருந்தது. அத்தியாயத்தை எப்படியோ முடித்தேன்.

பெரியவர் வெடித்தார். "இது சரியில்லமா. கண்ணு இல்லாமலே அவ பெரிய ஆளு. எதுக்கு இப்போ திருப்பிக் குடுக்கறான்? கெடுத்துட்டான் கதைய!"

அக்காவுக்காகத்தான் அவர் அப்படிக் கத்துகிறார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. தெலுங்குப் பெண் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களுக்கு இன்னா கஷ்டம்ங்க?" என்றாள் அக்கா. "கெடச்சவளுக்குக் கெடச்சுது. நல்லா இருக்கட்டும்." பிறகு என் பக்கம் திரும்பி, "அந்தக் கைய சொல்ற எடம் நல்லா எழுதியிருக்கான். ஆனா ஒரே நொடில எல்லாம் பளிச்சுனு தெரியுதுன்னு எழுதறான் பாரு, அது பொய். போறதே கொஞ்சம் கொஞ்சமாத்தான் போகும். வர்றது மட்டும் ஒரேயடியாவா வரும்? அந்த எடத்த அவசரமா எழுதிட்டான்" என்றாள்.

எல்லோரும் போன பிறகு அக்கா டீ போட எழுந்தாள். நான் பின்னாலேயே போனேன். அவள் பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றிவிட்டு அடுப்பைப் பற்றவைக்காமல் நின்றாள்.

"எனக்கு அந்த அத்தியாயம் முன்னாலயே தெரியும்டி" என்றாள்.

"எப்படிக்கா?"

"நூலகத்துல நின்னுகினு எல்லாப் பாகத்தையும் பொரட்டிப் பாப்பேன் இல்ல? கண்ணு நல்லா இருந்தப்போவே பாத்துட்டேன். அப்போ அது வெறும் கதை. நீ படிக்க ஆரம்பிச்சப்புறம் ஒரு கிறுக்கு புடிச்சிது. அந்த அத்தியாயம் வர்றதுக்குள்ள எனக்கும் வந்துடும்னு. யாராண்டயும் சொல்லல. ஒவ்வொரு கேசட்டு வர்றப்பவும் இன்னும் எவ்ளோ இருக்குன்னு கணக்குப் போட்டுகினே இருந்தேன்."

நான் அவளைக் கட்டிக்கொண்டேன். அப்போதுதான் அவள் அழுதாள். அவ்வளவு நாளும் யார் எதிரிலும் அழாதவள், சத்தம் இல்லாமல், என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். பாவா உள்ளே வந்து பார்த்துவிட்டு, அடுப்பைப் பற்றவைத்து அவரே டீ போட்டார். சர்க்கரை அதிகம். குடித்தோம்.

"சரி, வந்தாச்சு, படிச்சாச்சு" என்றாள் அக்கா டம்ளரைக் கீழே வைத்தபடி. "மிச்சத்த எப்போ அனுப்புவ? பெரியவரு இன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டாரு."

அதற்குப் பிறகு அவளிடம் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை வீட்டைவிட்டு வெளியே வராதவள், பார்வையற்றவர்களுக்கான பயிற்சி ஒன்றில் சேர்வதற்குப் பாவாவோடு மெட்ராஸுக்குப் போய்வரத் தொடங்கினாள். கோலூன்றி ஸ்டேஷன் வரை தனியாக நடந்தாள். எட்டாம் பாகத்தின் முடிவு மற்ற யாருக்கும் பிடிக்கவில்லை. இளவரசி அரியணையை மறுத்துவிட்டுக் கழுகோடு மலையேறிப் போய்விடுகிறாள். அந்தக் கேசட்டின் மிச்சம் முழுக்க ஒரே சண்டை. அக்கா மட்டும் இளவரசியின் கட்சி.

அந்தக் கதைக்குப் பிறகு வேறு கதைகள். எனக்குக் கல்யாணமாகி நான் மெட்ராஸுக்கு வந்த பிறகும் கொஞ்ச காலம் கேசட்டுகள் போய்க்கொண்டிருந்தன. பெரியவர் ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு கதைகள் சீடியில் வர ஆரம்பித்தன. நல்ல குரல், பின்னணி இசை, வாள் மோதும் சத்தம் எல்லாம் உண்டு. ஒரு தொடரை மொத்தமாக வாங்கிக்கொண்டு மணவூருக்குப் போனேன். அக்கா முதல் சீடியைப் போடச் சொன்னாள். தெலுங்குப் பெண்ணின் மகள், அப்போது அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள், ஓடிவந்து அக்காவின் மடியில் சாய்ந்துகொண்டாள். டிராகன் ஒன்று கர்ஜித்தது.

"சத்தம் ஜாஸ்தி. இவ்ளோ கத்தனா அதுக்கே தொண்ட கட்டிக்கும்" என்றாள் அக்கா.

கொஞ்சம் போனதும், "இந்த ராஜாவப் படிக்கிறவனுக்கு ராஜாவப் புடிக்கல போல இருக்கு" என்றாள்.

இன்னும் கொஞ்சம் போனதும் மறுபடியும் வாயைத் திறந்தாள். மடியில் இருந்த சிறுமி எழுந்து உட்கார்ந்து, அவள் வாயைக் கையால் பொத்தினாள்.

"பெரிம்மா, அப்புறமா சொல்லுங்க. இப்போ கேளுங்க."

அக்கா அந்தக் கையை விலக்காமலே தலையாட்டினாள். நாங்கள் மூன்று பேரும் அந்தச் சீடி முடியும்வரை கேட்டோம்.