வெந்நீர் சுவிட்சும் கட்டை விரலும்

போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டத்து வீடு ஒன்றில் தங்க வந்திருக்கிறேன். போடியிலிருந்து திறந்த ஜீப்பில் வந்ததில் மழை எலும்புவரை இறங்கிவிட்டது. வீட்டுக்கார செல்வியக்கா கூடையை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்புகிறார்.

"ஒன்பது மணிக்குக் கரண்டு போயிரும்ணே, வெரசா குளிச்சிருங்க. எல்லா சுவிச்சையும் ஒண்ணாப் போட்றாதீக, பியூஸ் போயிரும்."

வெந்நீருக்கு எந்த சுவிட்ச் என்று சொல்லாமலே போய்விட்டார். இப்போது காலை எட்டரை.

குளியலறைக்கு வெளியே ஐந்து சுவிட்சுகள், எல்லாம் ஒரே அச்சு. முதலாவது லைட். மற்றவற்றைத் தட்டினால் ஒன்றும் தெரியவில்லை. கீசரின் சிவப்பு விளக்கு எப்போதோ செத்திருக்கிறது. ஒவ்வொன்றாகப் போட்டுத் தண்ணீர் சுடுமா என்று காத்திருக்க நேரமில்லை.

பல் கிட்டிக்க, குனிந்து உற்றுப் பார்க்கிறேன். லைட் போக மற்ற நான்கில் மூன்று சுவிட்சுகள் வெள்ளையாக இருக்கின்றன. கடைசி சுவிட்சில் மட்டும் கறுப்பாக ஒரு விரல் தடம். ஏலக்காய் பறிக்கிற கையில் ஏறும் கறை அது, சோப்புக்கும் போகாது. தோட்டத்திலிருந்து மழையில் நனைந்து வருகிறவர்கள் கை கழுவும் முன்னே எதைத் தட்டுவார்கள்?

அதையே தட்டுகிறேன். கால் மணி நேரத்தில் ஷவரிலிருந்து ஆவி பறக்கக் கொட்டுகிறது. நான் சத்தமாகப் பாடுகிறேன்.

தலை துவட்டும்போது கரண்டு போகிறது. செல்வியக்கா மூச்சு வாங்க வந்து, குளியலறையில் ஆவியைப் பார்த்து நிற்கிறார்.

"சுவிச்சைக் காட்டாமப் போயிட்டேனேன்னு ஓடியாறேன். வாரவுக எல்லாம் பச்சத்தண்ணியிலதான் குளிச்சிட்டுப் போவாக. நீங்க எப்படிண்ணே கண்டுபிடிச்சீக?"

கறையைக் காட்டுகிறேன். அவர் சிரித்துக்கொண்டே தன் கட்டை விரலை உயர்த்திக் காட்டுகிறார். கன்னங்கரேலென்று இருக்கிறது.