ரப்பர் பேண்டு சுற்றிய பென்டிரைவ்

என் மேசை இழுப்பறையில் ஒரு பென்டிரைவ் கிடக்கிறது. அதன்மேல் கறுப்பு ரப்பர் பேண்டு ஒன்று இறுக்கமாகச் சுற்றியிருக்கிறது. என் அண்ணி தன் தலைமுடியிலிருந்து உருவிச் சுற்றியது அது. ரப்பர் காய்ந்து வெடித்துவிட்டது, அழுத்தித் தொட்டால் உதிர்ந்துவிடும். அதனாலேயே நான் தொடுவதில்லை. உள்ளே இருப்பது ஒரே ஒரு கோப்பு. கணினியில் செருகி அளவைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது, முழுதாக இருக்கிறது என்றே காட்டும். அது சுத்தப் பொய். அந்தப் பொய்யைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு மதியம் கல்மண்டபத்திலிருந்து எண்ணூர்ப் பக்கம் நான் வண்டியை விரட்டியிருக்கிறேன்.

அப்போது நானும் அண்ணியும் கல்மண்டபத்தில் கணினி பழுதுபார்க்கும் சின்னக் கடை ஒன்றை நடத்திக்கொண்டிருந்தோம். அண்ணன் சரக்குக் கப்பலில் மின்சார அதிகாரி. வீட்டில் இருக்கும் மாதங்களைவிடக் கடலில் இருக்கும் மாதங்கள்தான் அதிகம். அண்ணி மவுஸைத் தொடுவதே அபூர்வம். கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்டி வேலையை முடித்துவிடுவார். எங்கள் கடைக்கு வரும் கணினிகளுக்குப் பெரிய பெரிய கோப்புகளை இறக்க வேண்டியிருக்கும். அதை எந்தக் கருவியால் இறக்குவது என்பதில் எங்களுக்குள் ஓயாத சண்டை. அண்ணி 'வெகெட்' கட்சி. ஒரே இணைப்பு, முதலிலிருந்து கடைசிவரை வரிசையாக எடுக்கும், அறுந்தால் விட்ட இடத்தில் தொடரும். நான் 'ஆரியா' கட்சி. அது கோப்பைத் துண்டு போட்டு, பதினாறு இணைப்புகள்வரை திறந்து, ஒரே நேரத்தில் எல்லாப் பக்கமும் அள்ளும். நடுவில் 'ஆக்சல்' என்று ஒன்று உண்டு. அதுவும் பல இணைப்பு திறக்கும், இடத்தை அடைக்காது, பழைய கணினியிலும் ஓடும். ஆனால் எங்கள் இருவரில் யாருக்கும் அது சொந்தப் பிள்ளை இல்லை என்பதால் அதற்காக வாதாட ஆளில்லை.

ஒரே கோப்பை மூன்றாலும் இறக்கிப் பார்த்து, தோற்றவர் டீ வாங்கிவர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். காலையில் பெரும்பாலும் என் கட்சிதான் ஜெயிக்கும். ஆனால் எங்கள் தெருவில் கேபிள் பாதி நாள் அறுந்தே கிடக்கும், செல்போன் கோபுரத்திலிருந்து இணையம் எடுக்கும் டாங்கிள்தான் கதி. அதன் வேகத்தை லாரிகள்தான் முடிவு செய்தன. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசையில் நின்றுவிட்டால், அத்தனை ஓட்டுநர்களும் போனில் வீடியோ பார்க்க ஆரம்பிப்பார்கள். செல்போன் கோபுரம் திணறும். அந்த நேரத்தில் என் பதினாறு இணைப்பும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சில சர்வர்களோ இத்தனை இணைப்பைப் பார்த்ததுமே கதவைச் சாத்திவிடும். அப்போது அண்ணியின் ஒற்றை இணைப்பு மெதுவாகவாவது நகரும். "ஒரே வாசல்ல பதினாறு பேரத் தள்ளிவுட்டா எவன் நைனா உள்ள போவான்?" என்று கேட்டுவிட்டு, டீக்கு இஞ்சி சேர்க்கச் சொல்லி அனுப்புவார்.

அண்ணனின் கப்பல் எண்ணூர்த் துறைமுகத்துக்கு நிலக்கரி கொண்டுவந்தது ஒரு கோடைக்காலத்தில். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு சொந்த ஊர்க் கரை. மறுநாள் காலை இறங்கி வருவதாகவும், சாயங்காலம் கப்பல் கிளம்பும்வரை வீட்டில் இருக்கலாம் என்றும் சொல்லியிருந்தார். அண்ணி விடியும்முன் காசிமேடு போய் வவ்வால் மீன் வாங்கிக் குழம்பு வைத்துவிட்டு, வாசலை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் வரவில்லை, போன்தான் வந்தது. கடல் வரைபடம் காட்டும் கணினி படுத்துவிட்டதாம், அதுவும் அவர் கை வைத்த நேரத்தில். அதை மறுபடி எழுப்பத் தயாரிப்பு நிறுவனத்தின் சர்வரிலிருந்து ஒரு பெரிய கோப்பு வேண்டும். கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பில் மெயில் போனாலே பெரிய விஷயம். "சாயந்தரம் கப்பல வெளிய கூட்டிகினு போற பைலட் ஏர்றதுக்குள்ள மிசின் ஓடணும்னு கேப்டன் சொல்ட்டாரு. இல்லாங்காட்டி கப்பல் கெளம்பாது. ரிப்போர்ட்ல என் பேர எழுதி எறக்கி வுட்ருவாங்க. அப்புறம் எவனும் எனக்குக் கப்பல் குடுக்க மாட்டான்" என்றார். கரைக்கு இறங்கும் பேச்சே எடுக்கவில்லை, அண்ணியும் கேட்கவில்லை.

வடிகாலுக்காகத் தெருவைத் தோண்டியவர்கள் அன்றைக்கும் எங்கள் கேபிளை அறுத்துப்போட்டிருந்தார்கள். கையில் இருந்தது ஒரு டாங்கிள் மட்டும். நான் ஆரியாவை ஓடவிட்டேன். காலை முழுவதும் நன்றாகத்தான் ஓடியது. உச்சி வேளையில் சாலையில் லாரிகள் நின்றன. அன்றைக்குக் கிரிக்கெட் மேட்ச் வேறு. திரையில் எண்கள் அப்படியே உறைந்துவிட்டன. நான் இணைப்பைக் குறைத்துப் பார்த்தேன், டாங்கிளை ஜன்னலில் கட்டித் தொங்கவிட்டேன், ஒன்றும் நடக்கவில்லை. அண்ணிக்குப் பொறுமை போய்விட்டது. என்னைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தார், ஆரியாவை நிறுத்தினார், அதே கோப்பின்மேல் வெகெட்டைத் தொடரச் சொல்லித் தட்டினார். ஒரு நொடிதான். கோப்பு ஏற்கெனவே முழுதாக வந்துவிட்டது, எடுக்க ஒன்றும் மிச்சமில்லை என்று திரை சொன்னது.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்தபோது ஆச்சரியப்பட நேரமில்லை. "பாத்தியா? எல்லாம் வந்து குந்திகினு கீது, உன் ஆரியா சொல்லாம ஏமாத்திகினு கீது" என்று சிரித்தார் அண்ணி. அந்தச் சிரிப்பில் அழுகையும் கலந்திருந்தது. கோப்பைப் பென்டிரைவில் ஏற்றி என் கையில் திணித்தார். கோப்பு பழுதில்லாமல் வந்திருக்கிறதா என்று பார்க்க நிறுவனம் ஒரு நீண்ட எண்ணெழுத்துத் தொடரைக் கொடுத்திருந்தது. எங்கள் லேப்டாப் அதைக் கணக்கிட நேரமெடுக்கும். "நீ கெளம்பு, நா சரிபாத்துட்டு போன் பண்றேன்" என்றார்.

எர்ணாவூரில் லாரி வரிசைக்குள் நெளிந்து போய்க்கொண்டிருந்தபோது போன் வந்தது. குரல் அண்ணியுடையதுதான், ஆனால் அடையாளம் தெரியவில்லை. "அத்தக் குடுத்துறாத. அது ஓட்டை. அங்கியே நில்லு, நா வர்றேன்." எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஆரியா வேலையைத் தொடங்கும்போதே முழு அளவுக்கும் இடம் பிடித்துவைத்துவிடும், பிறகுதான் துண்டு துண்டாக நிரப்பும். வெகெட்டுக்கு உள்ளே இருக்கும் ஓட்டைகள் தெரியாது. அது அளவை மட்டும் பார்த்துவிட்டு வேலை முடிந்தது என்றது. தொடர் பொருந்தாமல் போனபின்தான் அண்ணி கோப்புறையைத் திறந்து பார்த்திருக்கிறார். எந்தத் துண்டு வந்தது, எது வரவில்லை என்று ஆரியா குறித்துவைக்கும் குட்டிக் கோப்பு பக்கத்திலேயே கிடந்திருக்கிறது. வேலை முடிந்திருந்தால் அது தானாக மறைந்திருக்கும்.

அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினார். மடியில் திறந்த லேப்டாப், காலடியில் மீன் குழம்புக் கேரியர். வழியெல்லாம் ஆரியாவை ஓடவிட்டுக்கொண்டே வந்திருக்கிறார். விட்டுப்போன துண்டுகளை மட்டும் அது பொறுக்கிக்கொண்டிருந்தது. அதற்குமுன் அண்ணி தன் கையால் அந்தக் கட்டளையைத் தட்டி நான் பார்த்ததே இல்லை. இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. ஆனால் எர்ணாவூரில் லாரி வரிசை கண்ணுக்கெட்டிய தூரம் நின்றது, எண்கள் மறுபடி உறைந்தன. வேறு இடம் தேடிப் போகலாம் என்றேன். அண்ணி லேப்டாப்பை என்னிடம் கொடுத்துவிட்டு, முதல் லாரியின் கதவைத் தட்டினார்.

"அண்ணே, அஞ்சு நிமிசம் அந்த வீடியோவ நிறுத்துண்ணே. என் வூட்டுக்காரரு கப்பல்ல மாட்டிகினு கீறாரு. நெட்டு வந்தாத்தான் அவுரு பொயப்பு."

அந்த ஓட்டுநர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "கடைசி ஓவர்மா" என்று முனகினார். அண்ணி நகரவில்லை. ஓட்டுநர் போனை அணைத்து டாஷ்போர்டில் கவிழ்த்துவைத்துவிட்டு, முன்னால் நின்ற லாரிக்குக் குரல் கொடுத்தார். அந்த லாரிக்காரர் தனக்கு முன்னாலிருந்தவருக்குச் சொன்னார். அண்ணி வெயிலில் கதவு கதவாகத் தட்டிக்கொண்டே போனார். சிலர் திட்டினார்கள், ஒருவர் கதவையே திறக்கவில்லை. வரிசையில் ஒலித்துக்கொண்டிருந்த வர்ணனை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. வண்டியின் சீட்டில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு நான் திரையைப் பார்த்தபடி நின்றேன். எண்கள் அசைந்தன. அண்ணி சொன்னதால் அசைந்தனவா, கோபுரத்துக்குத் தானாகவே மூச்சு வந்ததா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எதுவானால் என்ன, குட்டிக் கோப்பு மறைந்தது. அண்ணி ஓடி வந்தார். தொடரை நான் வாசிக்க, நிறுவனத்தின் மெயிலோடு அவர் ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டார். கடைசி எழுத்துவரை பொருந்தியது.

நல்ல கோப்பை வேறொரு பென்டிரைவில் ஏற்றினோம். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால், அண்ணி பழையதில் தன் தலைமுடி ரப்பர் பேண்டைச் சுற்றி என் பையில் போட்டார். "இது ஓட்டை, மாத்திக் குடுத்துறாத" என்று மூன்று நான்கு தடவை சொன்னார். லேப்டாப்பை ஆட்டோக்காரரிடமே கடைக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, கேரியரோடு என் வண்டியில் ஏறினார். துறைமுக வாசலில் கப்பல் ஏஜென்டின் ஆள் காத்திருந்தார். பென்டிரைவை வாங்கிக்கொண்டார். கேரியரைக் காட்டி அண்ணி கெஞ்சினார். சாப்பாடெல்லாம் உள்ளே கொண்டுபோக முடியாது என்று சொல்லிவிட்டு அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் முகத்துவாரத்தில் அண்ணி வண்டியை நிறுத்தச் சொன்னார். கற்களின்மேல் ஏறி நின்றோம். வெயில் சாய்ந்தபின் ஒரு கப்பல் மெல்ல வெளியே வந்தது. அண்ணனிடமிருந்து 'ஓடுது' என்று ஒரே வார்த்தையில் செய்தியும் வந்தது. நான் சந்தோஷத்தில் கத்திவிட்டேன். அண்ணி கத்தவில்லை. கேரியரை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, அந்தக் கப்பல் சிறுத்துச் சிறுத்துப் புகைபோல ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். களைப்பு என்று நினைத்தேன். அப்போது எனக்குக் கல்யாணம் ஆகியிருக்கவில்லை.

இப்போது எங்கள் தெருவுக்கே ஃபைபர் வந்துவிட்டது. அவ்வளவு பெரிய கோப்பு டீ ஆறுவதற்குள் இறங்கிவிடுகிறது, எந்தக் கருவி வேகம் என்று நாங்கள் சண்டை போடத் தேவையில்லை. அண்ணன் போன வருடம் கடல் வேலையை விட்டுவிட்டு வந்துவிட்டார். நல்ல பெயரோடுதான் வந்தார். போன மாதம் கடைக்கு வந்தவர், ஸ்க்ரூடிரைவர் தேடி என் இழுப்பறையைத் திறந்தார். பென்டிரைவைக் கையில் எடுத்து, "இன்னாடா இது, ரப்பர் பேண்டெல்லாம் சுத்திகினு கீது?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், எதிரே ஒரு கணினியைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணி தலை நிமிராமல் சொன்னார்:

"அத்தக் குடுத்திருந்தா, அன்னிக்கு ஒரு நாளு நீ இங்கியே நின்னிருப்ப."

அண்ணன் சிரிக்கப் போய், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். பென்டிரைவை இருந்த இடத்திலேயே வைத்து, இழுப்பறையை மெதுவாகச் சாத்தினார்.