மானிட்டரில் இருந்த மூன்று பொட்டுகள்

எங்கள் பனியன் கம்பெனி ஆபீசில் கம்ப்யூட்டர்களில் ஓடுவது காசு கொடுத்து வாங்கிய சிஸ்டம் இல்லை. எங்கெங்கோ இருக்கிறவர்கள் சேர்ந்து கூலி வாங்காமல் எழுதித் தருவது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம், பிடித்த மாதிரி மாற்றிக்கொள்ளலாம். பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும் என்பதால் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. நான் பத்தாவது படித்து, பேக்கிங்கில் கணக்கு எழுத வந்தவன். நோண்டி நோண்டியே அதைக் கற்றுக்கொண்டேன். ஏதாவது கோளாறு என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

இந்தச் சிஸ்டத்தைப் பயன்படுத்தும் தமிழர்களுக்கு இணையத்தில் ஒரு குழு உண்டு. பல வருடமாக அதில் வருவதையெல்லாம் படிக்கிறேன். ஆனால் எதுவும் எழுதியதில்லை. நாலு பேர் நடுவில் பேசச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதுவதற்கும் அதே பயம்தான்.

புதிய பதிப்பு வந்தபோது குழுவில் பெரிய சண்டை மூண்டது. திரையின் அடியில் பட்டன்கள் வரிசையாக நிற்கும் பட்டையை எடுத்துவிட்டார்கள். கம்ப்யூட்டரைப் போட்டால் வெறும் படம் ஒன்றுதான் தெரியும். மௌஸை மேல் மூலைக்குக் கொண்டுபோனால்தான் மற்றவை வெளியே வரும்.

"இத்தன வருஷமா அடியில கெடந்தது உங்களைக் கடிச்சுதா?" என்று ஒருவர் கேட்டார்.

"திரை சுத்தமா இருக்குதுல்ல? ரெண்டு நாள்ல பழகிரும்."

"எங்கப்பாவுக்கு நீ வந்து பழக்கிக் குடு, பாக்கலாம்."

"பழக முடியாதவங்க பழசையே வெச்சு அழுங்க. யாரு கையப் புடிச்சா?"

அந்தச் சிஸ்டத்தில் வரும் சொற்களைத் தமிழாக்கித் தருகிற பெண் ஒருவரும் குழுவில் இருந்தார். வேலைக்குப் போய் வந்த பிறகு சும்மா செய்து தருகிறவர். எங்கள் ஆபீசில் மட்டும் இன்னும் இங்கிலீஷிலேயே ஓடிக்கொண்டிருந்தது. "முடிவெடுத்தது நான் இல்லீங்க. ஆனா முடிவெடுத்தவங்க சொல்ற காரணத்தையும் கேளுங்க" என்றார். அவ்வளவுதான், எல்லோரும் அவர்மேல் பாய்ந்தார்கள். "ஓசியில தர்றோம்னு என்ன வேணா செய்வீங்களா?" என்று ஒருவர் எழுதியதைப் படித்ததும் எனக்கு மனது பொறுக்கவில்லை.

கம்பெனி லீவாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், எல்லாக் கம்ப்யூட்டரிலும் புதிய பதிப்பைப் போட்டேன். எனக்கு அது பிடித்திருந்தது. துணி எடுத்து மானிட்டர்களையும் துடைத்தேன். அட்டைப்பெட்டிகளுக்கு ஸ்டிக்கர் அடிக்கும் கம்ப்யூட்டரில், திரைக்குக் கீழே சட்டத்தில் மூன்று பொட்டுகள் ஒட்டியிருந்தன. அதில் உட்காருகிறவர் என்னைவிட மூத்த ஓர் அக்கா. முகம் கழுவும்போது கண்ணாடியில் பொட்டை எடுத்து ஒட்டிவைப்பார்களே, அந்தப் பழக்கத்தில் இங்கேயும் ஒட்டிவிட்டார் என்று நினைத்தேன். நகத்தால் சுரண்டி எடுத்துக் குப்பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து முதல்முறையாகக் குழுவில் எழுதினேன். 'எங்கள் கம்பெனியில் அஞ்சாவது படித்த அக்கா ஒருவர் புதியதில்தான் வேலை செய்கிறார். அவருக்கு ஒரு சிரமமும் இல்லை.'

அக்கா அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்கவில்லை. திங்கட்கிழமை பழகிவிடுவார், அப்போது இது உண்மையாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இதயக் குறிகள் வந்து குவிந்தன. 'இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?' என்று ஒருவர் என் வரியை எடுத்துப் போட்டார். தமிழாக்கும் பெண் நன்றி சொன்னார். என் பேச்சை அத்தனை பேர் கேட்டது அதுவரை நடந்ததே இல்லை.

அக்கா முன்பு செக்கிங்கில் இருந்தவர். மேஜை முன்னால் நாள் முழுக்க நின்றே, தைத்து வந்த பனியன்களில் ஓட்டை, கறை தேடும் வேலை. முட்டி தேய்ந்துபோய், கெஞ்சிக் கேட்டு இந்த உட்காரும் வேலைக்கு வந்திருந்தார். திங்கட்கிழமை காலை வந்தவர் நாற்காலியில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் எதிர் மேஜையில் பாக்கெட்டில் இருந்த போனை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெளியே லாரி காத்திருந்தது. மேனேஜர் வந்தார்.

"ஏனுங்க, ஸ்டிக்கர் எங்கீங்க?"

"தொறக்க மாட்டேங்குதுங்க சார்."

"சனிக்கெழம வரைக்கும் தொறந்துச்சு, இன்னைக்கு உங்களக் கண்டு வெக்கப்படுதுங்களா?" பேக்கிங் மேஜையில் எல்லோரும் சிரித்தார்கள். "எந்திரீங்க. செக்கிங்குக்கே போங்க. வேற ஆளப் போட்டுக்கறேன்."

நான் மாற்றியதால் வந்தது என்று ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். நாக்கு ஒட்டிக்கொண்டது. கையிலிருந்த போன் அதிர்ந்தது. இன்னொரு இதயம். அக்கா நாற்காலியைப் பிடித்து மெல்ல எழுந்து செக்கிங் பக்கம் போனார்.

டீ நேரத்தில் அவரிடம் போனேன். செக்கிங் மேஜையில் கையூன்றி நின்றிருந்தார்.

"தம்பி, அதுல பொட்டு வெச்சிருந்தனுங்களே, பாத்தீங்களா?"

"எதுக்குங்க்கா அது?"

"எனக்கு இங்கிலீசு எங்க தெரியுது? செவப்புக்கு நேரா மேல அமுத்துனா ஸ்டிக்கரு தொறக்கும். பச்சைக்கு மேல அமுத்துனா ஆர்டரு. கருப்பு பிரிண்டு. பொட்டும் காணோம், மேல பட்டனும் காணோமுங்க. ஆரோ தொடச்சுப்போட்டாங்க."

"நாந்தானுங்க்கா."

அவர் திட்டவில்லை. "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனுங்களே" என்று மட்டும் சொன்னார்.

பழைய பட்டையைத் திரும்பக் கொண்டுவரும் வழியை, குழுவில் நான் யாருக்கு எதிராக எழுதினேனோ அவர்களில் ஒருவர்தான் விளக்கிப் போட்டிருந்தார். அதைப் பார்த்துச் செய்தேன். கடையில் பொட்டு அட்டை வாங்கிவந்து, சாப்பாட்டு நேரத்தில் அக்காவைக் கூப்பிட்டு அவர் கையாலேயே ஒட்டச் சொன்னேன். பிறகு மேனேஜர் அறைக்குப் போனேன். "தப்பு என்னுதுங்க சார், அக்கா மேல ஒண்ணுமில்லீங்க" என்று சொல்லி முடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. "இதக் காலைல சொல்றதுக்கு என்னுங்க?" என்றார். மறுநாள் அக்காவை மறுபடி உட்காரச் சொன்னார்.

குழுவிலும் எழுதினேன், நான் சொன்னது பொய், அந்த அக்காவைக் கேட்காமலே எழுதினேன் என்று. அதை எடுத்துக்கொண்டு எதிர்த்தரப்பு அந்தப் பெண்ணைத்தான் மறுபடி பிடித்தது. 'பொய்ச் சாட்சி வைத்தா ஜெயிக்கப் பார்த்தீர்கள்?' யாருக்காகப் பரிந்து எழுதினேனோ, அவர் தலையிலேயே போய் விடிந்தது. அவர் என்னிடம் 'இதுவரைக்கும் எனக்காகச் சொன்னதே போதுங்க' என்று எழுதினார். அதற்குப் பிறகு குழுவில் அவர் எதுவும் எழுதி நான் பார்க்கவில்லை. என் பழைய வரிக்கு மட்டும் இப்போதும் யாராவது இதயம் போடுகிறார்கள்.

அக்கா தினமும் காலையில் நாற்காலியை இழுத்துப் போட்டு, பொட்டுகளை ஒருமுறை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, என் பக்கம் திரும்புகிறார்.

"தம்பி, இன்னைக்கு எதும் மாத்தலீங்களே?"

"இல்லீங்க்கா" என்கிறேன். அதைக் கேட்ட பிறகுதான் மௌஸில் கை வைக்கிறார்.