திரைக்கு வெளியே நின்ற பாவாயி

என் மச்சான் சென்னியப்பனோடு சினிமாவுக்குப் போகிறவனுக்குப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. இருந்தாலும் இருபது வருஷமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். அவருடைய தங்கச்சியைக் கட்டியவன் வேறு என்ன செய்ய முடியும்?

கோபிச்செட்டிபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். ஆனால் ஊரில் 'கம்ப்ளெயிண்ட் சென்னியப்பன்' என்று கேட்டால்தான் வீட்டைக் காட்டுவார்கள். எந்தப் பழைய படம் மறுபடி வந்தாலும் முதல் ஆட்டத்துக்குப் போய்விடுவார். கொஞ்ச நேரம் பார்ப்பார், எழுந்து மானேஜர் அறைக்கு நடப்பார். ஒரு நாள் வலப்பக்க ஸ்பீக்கர் செத்துக் கிடக்கிறது என்பார். இன்னொரு நாள் இது டிவியிலிருந்து சுட்ட காப்பி, மூலையில் சேனல் முத்திரையை அழித்த இடம் கொழகொழவென்று தெரிகிறது என்பார். ஒரு தடவை ஹீரோவை அகலத்துக்கு இழுத்துவிட்டதில் தவளை மாதிரி இருக்கிறார் என்று சொல்லி, ஹீரோவின் ரசிகர்களிடம் அடி வாங்கப் பார்த்தார். குறுக்கே விழுந்து தடுத்ததில் என் சட்டைதான் கிழிந்தது.

இத்தனைக்கும் அவருக்குச் சினிமா மேல் பெரிய ஆசை ஒன்றும் இல்லை. அவருக்கு வேண்டியது ஒரே ஒரு படம். அதன் பேரை இங்கே சொல்ல மாட்டேன், அந்த ரசிகர்களுக்கும் என் தவிட்டுக் கடை இருக்கும் இடம் தெரியும். எங்கள் பக்கத்தில் எடுத்த படம். சந்தையில் சண்டைக் காட்சி எடுத்தபோது வேடிக்கை பார்க்கப் போன சனத்தையே சந்தைச் சனமாக நிறுத்திவிட்டார்கள். என் மாமியார் பாவாயியும் அதில் நின்றார். திரையில் இடது ஓரம், கருப்பட்டிக் கூடைகளுக்குப் பக்கத்தில், ஒரு மூச்சு விட்டு வாங்கும் நேரம். என் மனைவி துளசிமணி மூன்று மாசக் குழந்தையாக இருந்தபோது பாவாயி காய்ச்சலில் போய்விட்டார். அந்த வருஷத் தீபாவளிக்குப் படம் வந்தது. ஏழு வயசுச் சென்னியப்பன் அப்பா மடியில் உட்கார்ந்து பார்த்து, "எங்கம்மா, எங்கம்மா" என்று கத்திக் கொட்டகையையே கலக்கியிருக்கிறார்.

அந்த வீட்டில் போட்டோ எடுத்துக்கொள்கிற வசதியெல்லாம் கிடையாது. ஆகவே பாவாயி இந்த உலகத்தில் மிச்சமிருப்பது அந்தத் திரையின் ஓரத்தில் மட்டும்தான். டிவியில் எத்தனையோ முறை போட்டார்கள். அகலப் படத்தை டிவிக்கு அடக்குவதற்காக இரண்டு பக்கமும் வெட்டியிருந்தார்கள். செல்போனில் வந்ததும் அதே வெட்டுப்பட்ட காப்பி. விசேஷங்களுக்குப் போனால் யாராவது ஒரு கிழவி துளசிமணியின் தாடையைப் பிடித்து, "பாவாயி மூக்கு அப்படியே" என்பாள். வீட்டுக்கு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று இவள் மூக்கையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு தடவை என்னிடம், "மூக்கு மட்டும் இருந்து என்னங்க பண்றது?" என்றாள்.

போன வருஷம் அந்தப் படமே மறுபடி வந்தது. புத்தம்புதுப் பொலிவு, நாலு கே, அஞ்சு புள்ளி ஒன்று டிஜிட்டல் ஒலி என்று சுவரெல்லாம் போஸ்டர். வேறு ஊர்த் தியேட்டர்காரர்கள் யாரும் வாங்கவில்லை. இங்கே எடுத்த படம் என்பதால் எங்கள் ஊர்த் தியேட்டரில் மட்டும் வெள்ளியிலிருந்து மூன்று நாள் ஓட்டினார்கள். வெள்ளிக்கிழமைக் காலைக் காட்சிக்குச் சென்னியப்பன் தனியாகப் போனார். தங்கச்சியைக் கூட்டிப் போய் ஏமாந்துவிடக் கூடாது என்று பயம். நான் தவிட்டு மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது.

"மாப்ள, அம்மா இருக்குது."

"எங்கீங் மச்சான்?"

"முழுப் படம் மாப்ள. ஓரம் வெட்டாம அப்படியே வெச்சிருக்கறாங்க. மேட்னிக்கு அம்மிணியக் கூட்டிட்டு வந்துருங்க." மூக்கைச் சிந்திக்கொண்டு போனை வைத்துவிட்டார்.

துளசிமணி பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மத்தியான வெயிலில் எதற்குப் பட்டு என்று கேட்க வாய் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உள்ளே போனால் ஒரே கூத்து. ரசிகர்கள் ஒவ்வொரு வசனத்தையும் நடிகருக்கு முன்னாலேயே சொல்லி முடித்தார்கள். டிஜிட்டல் ஒலி அஞ்சு புள்ளி ஒன்றாக இருந்தால் என்ன, ஐம்பதாக இருந்தால் என்ன, காதில் விழுந்தது பக்கத்துச் சீட்டுக்காரனின் விசில்தான். அதையும் மீறிக் கேட்டவை புதிதாகச் சேர்த்த சத்தங்கள். ஹீரோ அறைந்தால் இடி விழுந்தது. மாட்டுவண்டி என் முதுகுக்குப் பின்னால் சரக்கு ரயில் மாதிரி வந்தது, நான் திரும்பியே பார்த்துவிட்டேன். முகங்களையெல்லாம் துடைத்துத் துடைத்து, மீசை முளைத்த பொம்மைகளாக ஆக்கி வைத்திருந்தார்கள்.

சந்தைக் காட்சி வந்தது. ஹீரோ வண்டியிலிருந்து குதித்தார். துளசிமணி என் கையைப் பிடித்துக்கொண்டாள். இடது ஓரத்தில் கருப்பட்டிக் கூடை ஒன்று பாதி தெரிந்தது. அத்தோடு திரை முடிந்துவிட்டது. திரையைச் சுற்றி அடித்திருக்கும் கறுப்புத் துணியில் ஏதோ மங்கலாக அசைந்து மறைந்தது.

"எங்கீங்ணா?" என்று துளசிமணி கேட்டாள்.

சென்னியப்பன் அதற்குள் வாசலைத் தாண்டியிருந்தார்.

நடந்தது இதுதான். காலைக் காட்சியில் மானேஜர் ஆறுச்சாமி படத்தை ஒழுங்காகத்தான் போட்டிருக்கிறார். எங்கள் தியேட்டர் திரைக்கு அந்தப் படம் அகலம் அதிகம். முழுசாகக் காட்டினால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை விழும். ரசிகர்களுக்கு அது பொறுக்கவில்லை. எங்கள் தலைவருக்குப் பாதித் திரைதானா, பாலாபிஷேகம் பண்ணியவனுக்கு இதுதானா மரியாதை என்று சண்டை. ஆறுச்சாமி பயந்துபோய் லென்ஸைத் திருகச் சொல்லிவிட்டார். படம் திரை உயரத்துக்கு நிறைந்துவிட்டது. ஓரமெல்லாம் கறுப்புத் துணியிலும் சுவரிலும் போய் விழுந்தது.

"ஏனுங் மானேஜரே, காலைல போட்டாப்பல போடோணும்," என்றார் சென்னியப்பன்.

"போட்டா சீட்டக் கிழிப்பானுங்க, நீங்க தெச்சுத் தர்றீங்களா?"

"ஓரத்துல ஆளுக நிக்கறாங்க."

"ஓரத்த யாருங்க பாக்கறாங்க? தலைவரு நடுவுலதான நிக்கறாரு. நீங்க ஒருத்தர்தான் வருசம் பூரா ஓரத்தையே பாத்துட்டுத் திரியறீங்க."

எங்கள் அம்மா நிற்கிறாள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுஷன் சொல்லவில்லை. இத்தனை வருஷச் சண்டையில் ஒரு மானேஜரிடமும் அதைச் சொன்னதில்லை. ஸ்பீக்கரைச் சொல்லுவார், லென்ஸைச் சொல்லுவார், பிரிண்டைச் சொல்லுவார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவே இல்லை. "வாய்ல என்ன கொழுக்கட்டையா மச்சான்?" என்று கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமலே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்கால ஆட்டத்துக்குத் திரும்பி வந்தார். கையில் ஒரு நாலு முழ வேட்டி, புதுசு, கஞ்சி முறுகல்கூடப் போகாதது. வாசலில் சாத்தியிருந்த ரசிகர் மன்றக் கொடிக்கம்பு ஒன்றையும் எடுத்துக்கொண்டார்.

"மாப்ள, கறுப்புத் துணி வெளிச்சத்த முழுங்கிப் போடுது. வெள்ளைய நீட்டுனா அதுல உழுகும். அம்மா செரியா அந்த எடத்துலதான் உழுகுது. மேல நான் தூக்கிக்கறன், நீங்க கீழ இழுத்துப் புடிங்க."

"ஏனுங் மச்சான், எனக்கு அம்பது வயசாகுது. கடை இருக்குது. நாளைக்கு நாலு பேரு தவுடு வாங்க வரோணும்."

"புடிங்க மாப்ள."

துளசிமணி முன்வரிசையில் இடது ஓரச் சீட்டில் போய் உட்கார்ந்தாள். அப்புறம் நான் எங்கே மறுப்பது?

மாட்டுவண்டிச் சரக்கு ரயில் முதுகுப் பக்கம் கிளம்பியதும் இருவரும் திரையின் இடது ஓரத்தில் மேடையில் ஏறினோம். வேட்டியின் ஒரு முனையைக் கம்பில் கட்டியிருந்தார். அவர் தூக்க, நான் குந்தி உட்கார்ந்து கீழ்முனையை இழுத்துப் பிடித்தேன். கொட்டகை முழுக்கக் கூச்சல். "யார்ரா அது, எறங்குடா கீழ" என்றான் ஒருவன். "மன்றத்துக் கம்புடா அது" என்றான் இன்னொருவன். பாப்கார்ன் பொட்டலம் ஒன்று என் முதுகில் வந்து விழுந்தது. எங்கள் கண்ணில் அடித்த வெளிச்சத்தில் எதிரே ஒன்றுமே தெரியவில்லை. வேட்டிமேல் ஏதோ நிறங்கள் ஓடின. பக்கத்தில் நிற்கிறவனுக்கு அது என்ன என்று விளங்காது. ஹீரோ குதித்தார், இடி விழுந்தது, ஆறுச்சாமியின் ஆட்கள் ஏறி வந்து எங்களைக் கீழே தள்ளினார்கள்.

வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் துளசிமணி வந்து நின்றாள். சென்னியப்பன் கண்ணைக் கசக்கிக்கொண்டே கேட்டார். "பாத்தியா அம்மிணி? மூஞ்சி தெரிஞ்சுதா?"

"மூஞ்சி தெரியலீங்ணா."

"துணி ஆடிப்போச்சா?"

"துணி செரியாத்தான் நின்னுது. அவங்க தொடச்ச தொடப்புல மூக்கு, கண்ணு ஒன்னுமே இல்லீங்ணா. சோத்துல மோரு ஊத்துனாப்பல இருக்குது."

அவர் சட்டென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். காலையில் அவரும் முகத்தைப் பார்க்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அழுகையில் எதைப் பார்த்திருப்பார்? மச்சான் இத்தனை வருஷமாக ஸ்பீக்கரையும் லென்ஸையும் திட்டியது போதாதென்று இந்த நாலு கே ஆட்களையும் மனசுக்குள் நன்றாகத் திட்டினேன்.

துளசிமணி அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். பட்டுப்புடவை புழுதியில் கிடந்தது.

"ஏணா, இந்தச் சண்டை எப்பப் புடிச்சாங்க?"

"மாசி மாசம். ஏன்?"

"அம்மா ஒரு கைய இடுப்புக்குப் பின்னால ஊணிட்டு நிக்கிது. முந்தானைய முன்னால இழுத்து உட்டுருக்குது. வயிறு அதுக்கும் மேல தெரியுது. ரெண்டு பெத்தவளுக்குத் தெரியாதுங்களா? ஏழு மாசம் இருக்கும். நான் சித்திரைல பொறந்தவண்ணா. அங்க நானும் நிக்கறன்."

சென்னியப்பன் அவளுடைய தலையில் கை வைத்தார், எடுக்கவேயில்லை.

நான் எழுந்து உள்ளே போனேன். ஆறுச்சாமி டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் நின்று யாரிடமோ எங்களைப் பற்றித்தான் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார். மச்சானுக்கு வாய் வராவிட்டால் எனக்கும் வராதா? அவர் சட்டைக் காலரைப் பிடித்தேன். என் வாழ்நாளில் ஒரு மானேஜரின் காலரைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

"அடுத்த ஆட்டத்துக்குப் படத்தச் சின்னதாக்கிப் போடுங்க," என்றேன். "எம்பட பொண்டாட்டி செவுத்துல நிக்கறா."