நாத்தனாரின் நாக்கு

வேலையிடத்தில் எல்லோரும் அவளைப் பம்பரம் என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. நான்கு எஃகுத் தொட்டிகள் மட்டுமே இருந்த சின்ன பீர் கூடம் அது. பார்லி மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்து, சாற்றை வடித்து, ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவிட்டு, ஈஸ்ட் சேர்த்துப் புளிக்கவைப்பதுவரை அவள் பொறுப்பு. முதலாளி அதே தெருவில் ஒரு மதுக்கடை திறக்க இருந்தார். திறப்பு நாளுக்கு ஆங்கிலேய பாணியில் ஒரு பிட்டர் வேண்டும் என்றார். அதிகம் நுரைக்காத, செம்பு நிறமான, விழுங்கிய பிறகும் அடிநாக்கில் கசப்பு நிற்கிற பீர்.

ஈஸ்ட் போட்ட வாரமே அவளுக்கு மசக்கை வந்தது. சோப்பில் கருகிய ரப்பர் வாடை. கணவன் தலையணையில் மீன் நாற்றம். மூக்கை நம்ப முடியவில்லை, வாயில் வைக்கவும் கூடாது. சமைத்தவளே உப்புப் பார்க்க முடியாத கதை.

கணவன் லிஃப்ட் மெக்கானிக். அவனிடம் ஒரு கிளாஸ் நீட்டினாள்.

"சூப்பர்மா."

"என்ன சூப்பர்? கசப்பு எப்படி?"

"நல்லாத்தான் இருக்கு."

கழுநீரைக் கொடுத்திருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பான்.

மிச்சமிருந்தது அவன் அக்கா. ரயிலில் டிக்கெட் பரிசோதகர். கல்யாணமான நாள் முதல் இவள் சமையலில், துணி மடிப்பில், திரைச்சீலையில் ஏதாவது குறை சொல்லாமல் வாசல் தாண்டியதில்லை. எப்போதாவது ஒரு கிளாஸ் பீர் குடிப்பவர். வீட்டில் கூடத்துக்கும் சமையலறைக்குமாக நடந்து நடந்து கால் வலித்த பிறகு பம்பரம் போனை எடுத்தாள்.

அக்கா சீருடையோடே பீர் கூடத்துக்கு வந்தார். முகர்ந்தார். ஒரு வாய் குடித்துக் கண்ணைச் சுருக்கினார்.

"என்ன இது, வெண்ணெய் தடவின மாதிரி வழுக்குது?"

"வெண்ணெயா? நிஜமாவா அக்கா?"

"பொய் சொல்றதுக்கு நீ என்ன சம்பளமா தர்றே?"

வெண்ணெய் வாடை என்றால் ஈஸ்ட் தன் வேலையை முடிக்கவில்லை என்று பொருள். தொட்டியை வெதுவெதுப்பாக வைத்துக் காத்திருந்தால் அது தானே போய்விடும். ஆனால் திறப்பு விழா நெருங்கிவிட்டது. முதலாளியும் குடித்துப் பார்த்தார்.

"வெண்ணெய் நல்லதுதானேம்மா? பீப்பாயில ஊத்து."

அக்கா பழக்கதோஷத்தில் குறை சொல்லியிருந்தால்? அன்று பகல் முழுக்கத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாள். வெப்பமானியைப் பார்த்தாள், திரும்பி வந்து மறுபடி பார்த்தாள். அந்த வாயிலிருந்து இத்தனை வருடத்தில் ஒரு பொய்ப் பாராட்டுகூட வந்ததில்லை என்பது மட்டும் நினைவுக்கு வந்தது.

"ஊத்த மாட்டேன் சார்" என்றாள்.

வெளியிலிருந்து வாங்கிய பீரை வைத்துத்தான் கடை திறந்தது. முதலாளி அவளோடு பேச்சை நிறுத்தினார். அக்கா பணி முடியும்போதெல்லாம் வந்து ஒரு வாய் குடித்து, "இன்னும் இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நாட்களில் பம்பரத்துக்குத் தூக்கமும் இல்லை, சோறும் இறங்கவில்லை.

கடைசியில் ஒருநாள் அக்கா கிளாஸைக் கீழே வைக்கவில்லை.

"போயிடுச்சு. இப்ப கசக்குது. ஆனா இன்னொரு வாய் கேக்குது." பிறகு கிளாஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "நுரைதான் கம்மி."

"இது அப்படித்தான் இருக்கணும் அக்கா."

"அப்படின்னா சரி."

அந்தப் பிட்டரைக் கடையில் சிலர் பாதியிலேயே வைத்துவிட்டுப் போனார்கள். சிலர் மறுநாளும் அதையே கேட்டார்கள். இரண்டாவது பீப்பாய் வேண்டும் என்று சொல்லத்தான் முதலாளி மறுபடி வாய் திறந்தார்.

குழந்தை பிறந்து, தாய்ப்பால் நிறுத்தி, வேலைக்குத் திரும்பிய பிறகுதான் அவள் அந்தப் பிட்டரைச் சுவைத்தாள். நன்றாக இருந்தது. ஆனால் அவளே சுவைத்துப் பார்த்திருந்தால் அடுத்த தடவை காய்ச்சும்போது கசப்பை ஒரு படி குறைத்திருப்பாள். ஊரே குடிக்கும் தன் பீர் அக்காவின் நாக்குக்கு அமைந்ததே தவிர தன்னுடையது இல்லை என்று தோன்றியது.

"அக்கா, கசப்பைக் கொஞ்சம் குறைக்கட்டுமா?"

"குறைச்சா அது சர்க்கரைத் தண்ணி."

பக்கத்துத் தொட்டியில் குறைத்தே காய்ச்சினாள். இரண்டுமே விற்கின்றன. எது மேல் என்று தொட்டிகளுக்கு நடுவில் நின்று இருவரும் குரல் உயர்த்துவார்கள், அத்தை தோளில் குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும்.