யாருடைய வலது?

நான் உருவாக்கும் கணினி விளையாட்டை ஆடிப்பார்த்த நண்பன் கத்தினான்: "மாப்ளே, வலது பொத்தானை அமுக்குனா இவ இடது பக்கம் ஓடிச் சாகுறா!" கேமரா மேலே இருந்தது, நாயகி எங்களைப் பார்த்து நின்றாள். அந்தக் கத்தலில் அக்காவின் குரல் கேட்டது.

சின்ன வயதில், பச்சை ஏலக்காய் மணக்கும் போடிமெட்டுச் சரிவு. நானும் அக்காவும் பாறைமேல். கீழே எங்களைப் பார்த்தபடி காய் பறித்த அம்மாவை நோக்கிக் காட்டுமாடு வந்தது.

"அம்மா, வலது பக்கம் ஓடு!"

"யாரு வலதுடீ? மேடா பள்ளமா, வெரசா சொல்லு!"

"மேடு!"

அம்மா மூச்சிரைக்க எங்களிடம் ஏறிவந்தாள். மாடு பாதையோடு போய்விட்டது.

யார் எப்படித் திரும்பி நின்றாலும் மேடு மேடுதான். நாயகி எப்படித் திரும்பினாலும் திரையின் வலதும் அப்படித்தான். அதனால் கேமரா உயரத்தில் இருந்தால் பொத்தான்கள் அவளைத் திரையின் திசைக்கு ஓட்டும். நாயகியின் முதுகுக்குப் பின்னால் இறங்கினால் அவள் திசைக்கு. ஓடும்போதே கேமரா மாறினால்? விரலை எடுக்கும்வரை பழைய திசையிலேயே அவளை ஓடவிட்டுப் பார்க்கப்போகிறேன்.