புகையிலைக் கையும் சஷ்டி விரதமும்

போன வருடம் மாசி மாதம். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு தனியார் கிளினிக்கில் நானும் என் கணவரும் டொக்டருக்கு முன்னால் இருந்தோம். கல்யாணமாகி ஏழு வருடம், பிள்ளை இல்லை.

வலிகாமத்தில் எங்களுக்குப் புகையிலைத் தோட்டம். பிள்ளை இல்லையென்றால் எங்கள் பக்கம் மருந்தும் விரதமும் பெண்ணுக்குத்தான். ஒவ்வொரு ஐப்பசியிலும் கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் நான் பட்டினி. இவரோ வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு என்னைக் கோயிலுக்கு ஏற்றி இறக்குவார். நல்ல மனிசன், குறை சொல்லமாட்டேன். ஆனால் அவரையும் பரிசோதிக்க வேண்டுமென்று ஒருவருக்கும் தோன்றவில்லை, எனக்குக்கூட.

டொக்டர் அம்மா முதலில் கேட்டது, புகைப்பீர்களா என்று. இவர் நெஞ்சை நிமிர்த்தி, சிகரெட்டைக் கையாலும் தொட்டதில்லை என்றார். உண்மைதான். ஆனால் டொக்டரின் கண் அவருடைய விரல்களுக்குப் போனது. புகையிலைச் செடியின் பக்கக் குருத்துகளைக் கிள்ளும் காலம் அது. எவ்வளவு தேய்த்தும் போகாத பிசின் கறுப்பாக ஒட்டியிருந்தது. வெற்றிலையோடு புகையிலையும் போடுவீர்களோ என்று அடுத்துக் கேட்டார். ஓம், சும்மா ஒரு துண்டு என்றார் இவர். வாயில் போடுவதையும், பனி ஈரத்தில் வெறுங்கையால் இலையை அளைவதையும் எங்கள் ஊரில் யார் கணக்கில் எடுத்தார்கள்?

இவருடைய விந்துப் பரிசோதனை முடிந்ததும் டொக்டர் திரையில் காட்டினார். உயிரணுக்கள் பல அசையாமல் கிடந்தன. சில நின்ற இடத்திலேயே சுற்றின. புகையிலையில் உள்ள நிக்கொட்டின் வாய் வழியாகவும் தோல் வழியாகவும் இரத்தத்தில் கலந்து, உயிரணு உருவாகும் இடம்வரை போகுமாம். வாலை அசைக்கச் சக்தி கொடுக்கும் பகுதி களைத்துவிடுமாம். அணுவின் தலைக்குள் இருக்கும் மரபு இழை அறுந்துபோகவும் கூடுமாம். இது ஒன்றுதான் காரணமென்று சொல்லமுடியாது, விட்டுப் பாருங்கள், புது உயிரணு முற்றிவர ஏறக்குறைய மூன்று மாதம் எடுக்கும் என்றார்.

"ஒரு போகம்" என்றார் இவர் மெதுவாக, பயிர்க் கணக்கில். டொக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளை ஓரமாக நிறுத்தினார். கண் கலங்கியிருந்தது.

"என்ரை பிழைக்கு நீயெல்லே பட்டினி கிடந்தனி."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தெரியாமல் நடந்ததுக்கு என்ன செய்வது, வாங்கோ போவம் என்றேன்.

புகையிலையை விடுவது அவருக்கு லேசாக இருக்கவில்லை. முதல் கிழமைகளில் கறிக்கு உப்புக் கூடினாலும் சண்டை, குறைந்தாலும் சண்டை. எப்படியோ விட்டார். தோட்டத்தில் மிச்ச வேலையைக் கையுறை போட்டுக்கொண்டு செய்தார். அடுத்த போகம் வெங்காயம் என்று முடிவெடுத்தார். ஆடியில் திரும்பப் பரிசோதித்தபோது, அணுக்களின் ஓட்டம் கொஞ்சம் கூடியிருப்பதாகச் சொன்னார்கள்.

ஐப்பசியில் சஷ்டி தொடங்கிய காலை, நான் குளித்துவிட்டு வந்தால், இவர் எனக்கு முதலே குளித்துத் திருநீறு பூசிக் குசினியில் அடுப்பருகே நிற்கிறார். பக்கத்தில் அவர் அவித்த புட்டு.

"இந்த முறை விரதம் நான் பிடிக்கிறன். நீ சாப்பிடு."

ஆம்பிளை பட்டினி கிடந்தால் தோட்டத்தை ஆர் பார்க்கிறது என்று இவரைப் பெற்ற மாமி முணுமுணுத்தா. இவர் காதில் வாங்கவில்லை. புட்டு கட்டி கட்டியாக இருந்தது. அழுதழுது முழுவதையும் சாப்பிட்டேன்.

பிள்ளை இன்னும் வரவில்லை; வருமா என்றும் தெரியாது. ஆனால் இத்தனை வருடம் நான் தனியாகக் கிடந்த பட்டினியை ஒரு மனிசன் தன் வயிற்றில் வாங்கிக்கொண்ட அந்த ஆறு நாளை நினைத்தால், என் வாழ்க்கையில் குறையென்று சொல்ல எனக்கு நா எழுவதில்லை.